தீ முக்கோணம் தெரியும். நோய் முக்கோணம் தெரியுமா? தென்னையும் கோகோவும் கற்றுத் தரும் பாடம்



நம்ம மாவட்டத்துல படிக்கிறவங்களுக்குத் தீ முக்கோணத்தைப் பற்றிப் புதுசா விளக்க வேண்டியதில்லை. எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் தீ. ஏதாவது ஒன்றைப் பிரித்துவிட்டால் தீ இல்லை. சிவகாசி பட்டாசு ஆலைகளின் பாதுகாப்பு விதிகள் எல்லாமே இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கின்றன. அறைக்கும் அறைக்கும் இடைவெளி, ஒரு அறைக்குள் குறைந்த ஆட்கள், குறைந்த மருந்து. ஓர் அறையில் விபத்து நடந்தாலும் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதே நோக்கம்.

பயிர் நோயியல் படிப்பவர்களுக்கும் இதே மாதிரி ஒரு முக்கோணம் இருக்குது. அதன் பெயர் நோய் முக்கோணம். நோய்க்கு இடம் கொடுக்கும் பயிர், நோயை உண்டாக்கும் கிருமி, கிருமிக்குச் சாதகமான சூழல், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நோய். பட்டாசு ஆலையில் வெடிக்கலவைக்குப் பெயர் மருந்து. தோப்பில் பூச்சிக்கும் நோய்க்கும் அடிப்பதற்கும் பெயர் மருந்துதான். இரண்டு இடத்திலும் மருந்தைவிட முக்கோணத்தைப் புரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

"நமக்கு எதுக்குப்பா விவசாயம்?" என்று கேட்கலாம். விருதுநகர் என்றால் வெயில், பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆனால் மேற்கே போய்ப் பாருங்க. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று மலையடிவாரம் முழுக்கத் தென்னந்தோப்பு. நம்ம வகுப்பிலேயே சில பேருடைய கல்லூரிக் கட்டணம் அந்தத் தோப்பிலிருந்துதான் வருது. நெட்டை ரகத் தென்னை ஒன்றை இன்றைக்கு நட்டால் காய்க்க 5 முதல் 7 வருஷம் ஆகும். அதற்குப் பிறகு 60 வருஷம்கூட காய் தரும். அப்படிப்பட்ட மரம் நோயில் போனால், போவது ஒரு வருஷத்து மகசூல் மட்டுமில்லை, அடுத்த தலைமுறையின் வருமானமும் சேர்ந்துதான்.

தென்னைக்கு ஏன் இவ்வளவு ஆபத்து?

வேம்பையோ புளியையோ வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். தென்னைக்குக் கிளை கிடையாது. உச்சியில் இருக்கும் ஒரே ஒரு குருத்துதான் அதன் வளர்ச்சி முனை. குருத்து அழுகினால் கதை முடிந்தது. தண்டில் காயம் பட்டாலும் மற்ற மரங்களைப் போலப் புதுப்பட்டை வளர்ந்து மூடாது. தென்னை ஒருவித்திலைத் தாவரம் என்பதால் அதற்கு வேண்டிய திசு அடுக்கு அதில் இல்லை. பொறியியல் மொழியில் சொன்னால், தென்னை என்பது மாற்று ஏற்பாடே இல்லாத ஓர் அமைப்பு. ஒரு பாகம் செயலிழந்தால் மொத்தமும் செயலிழக்கும்.

இனி நோய்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் முக்கோணத்தின் எந்தப் பக்கத்தை உடைக்க முடியும் என்பதை மட்டும் கவனிச்சுக்கிட்டே வாங்க.

பாடம் 1: குருத்தழுகல் – சூழலை உடைப்பது

இந்த நோயின் கிருமிக்குப் பெயர் பைட்டோப்தோரா பால்மிவோரா. முதலில் விவரிக்கப்பட்டது நம்ம நாட்டில்தான். 1900களின் தொடக்கத்தில் அன்றைய சென்னை மாகாணத்தின் கோதாவரிப் பகுதியில் பனை மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதை ஆராய்ந்தவர் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பூஞ்சையியலாளர் ஈ. ஜே. பட்லர். 1907-ல் இந்தக் கிருமியை அவர் விவரித்தார். பனை நமக்கு மாநில மரம் என்பதால் இந்த வரலாறு கொஞ்சம் நெருக்கமாகவே படும்.

பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் பைட்டோப்தோரா உண்மையான பூஞ்சை இனம் இல்லை. பாசிகளுக்கு நெருங்கிய நீர்ப்பூஞ்சை வகை. இதன் வித்துகளுக்கு நீந்தும் வால் உண்டு. இலை மேல் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் போதும், நீந்திப் போய் ஒட்டிக்கொள்ளும். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியதும் இதே பைட்டோப்தோரா குடும்பத்தில் இன்னொரு இனம்தான்.

அறிகுறி என்ன? நடுக்குருத்து வெளிறும். லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். அடிப்பகுதி அழுகி நாற்றம் அடிக்கும். வெளி மட்டைகள் மட்டும் சில மாதம் பச்சையாகவே நிற்கும். அதனால் கீழிருந்து பார்ப்பவருக்கு மரம் நல்லா இருப்பது போலவே தெரியும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால், அழுகிய பகுதியைச் சுத்தமாக வெட்டி எடுத்து, போர்டோ பசை தடவி, புதுக்குருத்து வரும்வரை மழைநீர் படாமல் மூடி வைத்து மரத்தைக் காப்பாற்றலாம்.

மழைக்காலமும் ஈரமும்தான் இதற்கு வசதி. மழையை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் வடிகால், சரியான இடைவெளி, காற்றோட்டம் ஆகியவை நம் கையில் இருக்கின்றன. மழைக்கு முன்பே குருத்தில் போர்டோ கலவை தெளிப்பதும் நம்மால் முடியும்.

போர்டோ கலவை: முதலாமாண்டு வேதியியல்

இந்தக் கலவையின் கதை சுவாரசியமானது. பிரான்சின் போர்டோ பகுதியில் சாலையோரத் திராட்சையைத் திருடித் தின்னாமல் இருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிகள் மேல் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தச் சாலையோரக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லை என்பதைத் தாவரவியலாளர் மில்லார்டே கவனித்தார். ஆராய்ந்து 1885-ல் வெளியிட்டார். திருடனுக்கு வைத்தது கிருமிக்கு வேலை செய்தது!

1 சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைக்க வேண்டும். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இரும்பு வாளி கூடாது. சரியா வந்திருக்கா என்று பார்க்க, நன்றாகத் தேய்த்த கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுங்க. கத்தியில் செம்பு நிறம் படிந்தால் கரைசலில் தாமிர அயனி மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இரும்பு தாமிரத்தை இடப்பெயர்ச்சி செய்கிறது. அதே பழைய வினைவரிசைதான். அப்போது இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கணும். இல்லாவிட்டால் இலை கருகிவிடும்.

பட்டாசில் நீல நிறம் தருவதும் தாமிரச் சேர்மம்தான். மத்தாப்பு மருந்தில் சேரும் கந்தகம் திராட்சைத் தோட்டத்தில் சாம்பல் நோய்க்கு மருந்து. தனிமம் ஒன்றுதான், ஆனால் சேர்மமும் தூய்மையும் அளவும் வேறு வேறு. ஆலைக்கு வாங்கியதை எடுத்துத் தோப்பில் தூவலாம் என்று மட்டும் யாரும் கிளம்பிடாதீங்க.

ஒன்று மறக்கக் கூடாது: போர்டோ கலவை தடுப்புக்கானது. இலையின் மேற்பரப்பில் காவலுக்கு நிற்கும். உள்ளே போன கிருமியை அதனால் துரத்த முடியாது. மழைக்கு முன் அடித்தால்தான் பலன்.

பாடம் 2: கோகோ – ஒரே கிருமி, இரண்டு பயிர்

சாக்லேட் மரமான கோகோ அமேசான் பகுதியின் மழைக்காட்டு மரம். அது இந்தியாவுக்கு முதலில் வந்த இடமாகச் சொல்லப்படுவது நம்ம குற்றாலம்! 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அங்கே நட்டார்கள். ராஜபாளையத்திலிருந்து தென்காசி சாலையில் போனால் எட்டிவிடும் தூரம்தான். வணிகப் பயிராகக் கோகோ வளர்ந்தது 1960களுக்குப் பிறகு, முதலில் கேரளத்தில். பிறகு பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகவும் வந்தது. கோகோவுக்கு நிழல் வேண்டும், தென்னை அதைத் தருகிறது. 7.5 மீட்டர் இடைவெளியில் நட்ட தென்னைக்கு நடுவே நிறைய நிலம் சும்மா கிடக்கும். இரண்டுக்கும் பொருத்தம் நல்லாவே இருக்கும்.

ஆனால் கோகோவின் முக்கிய நோயான கருங்காய் நோய்க்கும் காரணம் அதே பைட்டோப்தோரா பால்மிவோராதான். காயில் சின்னதாக ஒரு பழுப்புப் புள்ளி தோன்றும்; சில நாளில் காய் முழுக்கக் கறுத்து, உள்ளே விதையும் கெட்டுவிடும். கறுத்த காயை மரத்திலேயே விட்டால் அதிலிருந்து வித்துகள் மழைத்துளியோடு தெறித்து அடுத்த காய்க்குப் போகும். ஆகவே மழைக்காலத்தில் அடிக்கடி தோப்பைச் சுற்றிவந்து, கறுத்த காய்களைப் பறித்து அப்புறப்படுத்த வேண்டும். கிளைகளைக் கவாத்து செய்து வெளிச்சமும் காற்றும் உள்ளே விட வேண்டும். இதற்குப் பெரிய செலவே இல்லை. ஆனால் விடாமல் செய்யணும்.

கவனக்குறைவின் விலை என்ன என்று தெரிந்துகொள்ள உலகத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் 1989-ல் சூனியக்காரித் துடைப்ப நோய் என்ற பூஞ்சை நோய் நுழைந்தது. கோகோ ஏற்றுமதியில் முன்னணியில் இருந்த நாடு, 1990களின் இறுதிக்குள் கோகோ இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. கானாவில் 1936-ல் கண்டறியப்பட்ட தண்டு வீக்க வைரஸ் நோயைக் கட்டுப்படுத்த, அடுத்தடுத்த பத்தாண்டுகளில் 20 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டினார்கள். அந்த வைரஸைப் பரப்புவது மாவுப்பூச்சி. அந்த மாவுப்பூச்சிக்குக் காவல் எறும்பு! 2024-ல் உலகச் சந்தையில் கோகோ ஒரு டன் 10,000 டாலரைத் தாண்டியதற்கும் மேற்கு ஆப்பிரிக்காவின் மோசமான வானிலையோடு இந்த நோய்களும் ஒரு காரணம். நம்ம ஊர்ப் பெட்டிக்கடைச் சாக்லேட் சின்னதாகிப் போனதன் பின்னால் ஒரு வைரஸ் இருக்கலாம்.

பாடம் 3: தஞ்சாவூர் வாடல் – பரவும் வழியை உடைப்பது

1952-ல் தஞ்சாவூர் மாவட்டத்தைப் புயல் தாக்கியது. அதற்குப் பிறகு அங்கே தென்னைகள் வாடிச் சாவது கவனத்துக்கு வந்தது. காரணம் கானோடெர்மா என்ற பூஞ்சை. தண்டின் அடியில் செம்பழுப்பு நிறத்தில் நீர் வடியும், மட்டைகள் தொங்கும், கடைசியில் அடித்தண்டில் காளான் முளைக்கும். காளான் தெரியும்போது காலம் கடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மணற்பாங்கான நிலமும் கோடைக்கால வறட்சியும் இதற்குப் பிடித்தவை.

இந்தக் கிருமி பரவுவது மண் வழியாகவும், வேரும் வேரும் தொடும் இடத்திலும். ஆகவே நோயுற்ற மரத்தைச் சுற்றி 60 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்தில் தனிமைக் குழி எடுக்கச் சொல்கிறார்கள். பட்டாசு ஆலையில் அறைகளுக்கு நடுவே விடும் இடைவெளிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. தண்ணீர் பாய்ச்சும்போதும் ஒரு மரத்துப் பாத்தியிலிருந்து அடுத்த மரத்துக்கு ஓடவிடக் கூடாது. தனித்தனி வட்டப்பாத்தி அல்லது சொட்டுநீர் நல்லது. கூடவே தொழு உரம், வேப்பம் பிண்ணாக்கு, டிரைக்கோடெர்மா ஆகியவற்றை வருஷந்தோறும் இட வேண்டும். டிரைக்கோடெர்மா என்பது கானோடெர்மாவோடு மண்ணில் போட்டி போடும் நல்ல பூஞ்சை. கிருமியைக் கிருமியால் அடக்கும் வித்தை இது.

பாடம் 4: வேர் வாடல் – பயிரையே மாற்றுவது

இப்போது மேற்கு மாவட்டங்களின் தோப்புக்காரர்களைத் தூங்கவிடாத நோய்க்கு வருவோம். 1882-ல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் ஈராட்டுப்பேட்டைப் பகுதியில் முதலில் கவனிக்கப்பட்டது வேர் வாடல் நோய். கேரள வாடல் என்றும் சொல்வார்கள். மெதுவாகப் பரவி, தமிழ்நாட்டில் கன்னியாகுமரி, தென்காசி, தேனி, கோயம்புத்தூர் மாவட்டங்களுக்கு வந்துவிட்டது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் கடந்த சில ஆண்டுகளாக மரங்களை வெட்டும் நிலை. வரைபடத்தை எடுத்துப் பாருங்க: தேனி நமக்கு வடமேற்கே, தென்காசி தெற்கே. நடுவில் நம்ம மாவட்டம்.

காரணம் என்ன என்றே பல பத்தாண்டுகள் தெரியவில்லை. 1980களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகத்தான் பைட்டோபிளாஸ்மா பிடிபட்டது. செல்சுவர் இல்லாத நுண்ணிய பாக்டீரியா அது. மரத்தின் உணவுக் குழாய்களுக்குள்ளேயே வாழும். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் இதை மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. பூஞ்சைக்கொல்லி இதன் மேல் வேலை செய்யாது. குணப்படுத்தும் மருந்து இன்றுவரை கிடையாது.

அறிகுறி: ஓலையின் கீற்றுகள் விறைப்பு இழந்து, விலா எலும்பு மாதிரி உட்புறமாக வளையும். பிறகு மஞ்சளாகும், ஓரம் கருகும். மரம் உடனே சாகாது. பல வருஷம் நிற்கும், காய் மட்டும் குறைந்துகொண்டே போகும். நிற்கிற மரத்தை வெட்ட யாருக்கு மனசு வரும்? ஆனால் அது நிற்கும் ஒவ்வொரு மாதமும் பக்கத்துத் தோப்புக்குக் கிருமி கொடுத்துக்கொண்டே இருக்கும். வெட்டுபவருக்கு நஷ்டம் உடனே. லாபம் ஊருக்கே, ஆனால் மெதுவாக. இந்த நோயை அடக்குவதில் இருக்கும் பெரிய முடிச்சு இதுதான். இதை ஒரு தோப்புக்காரர் தனியாக அவிழ்க்க முடியாது. ஊரே சேரணும், இழப்பீடும் வேணும்.

அப்போ முக்கோணத்தில் எந்தப் பக்கம் மிச்சம்? பயிர்! நோய் கடுமையாக இருந்த தோப்புகளிலேயே தாக்காமல் நின்ற மரங்களைத் தேடி, அவற்றிலிருந்து ரகங்களை உருவாக்கினார்கள் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள். காசர்கோட்டில் 1916-ல் தென்னை ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கிய நிறுவனம் இது. வேர் வாடலுக்கென்றே காயங்குளத்தில் அதன் மண்டல நிலையம் 1947-லிருந்து இயங்குகிறது. கல்பரக்‌ஷா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா ஆகியவை அங்கிருந்து வந்த ரகங்கள். எதிர்ப்புத்திறன் என்றால் நோயே வராது என்று பொருள் இல்லை. நோய் உள்ள இடத்திலும் தாக்குப்பிடித்துக் காய்க்கும் என்று பொருள். தமிழ்நாட்டில் ஆழியார் நகர், வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையங்களும் தென்னை நோய்களில் வேலை செய்கின்றன.

பாடம் 5: வெள்ளை ஈ – மருந்து அடிக்காததே மருந்து

2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டது சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சி. ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சி, தேன் போன்ற கழிவைச் சிந்தும். அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து ஓலை கறுத்துவிடும். பயந்துபோய்க் கடும் பூச்சிக்கொல்லி அடித்தால், வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து செத்துவிடும். அப்புறம் ஈ இன்னும் பெருகும். ஆகவே பரிந்துரை இதுதான்: விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி, ஓலையின் அடியில் விசையோடு தண்ணீர் பீய்ச்சுதல், ஒட்டுண்ணியைப் பாதுகாத்தல்.

பொறியியல் மாணவர் என்ன செய்யலாம்?

இறுதியாண்டு புராஜெக்ட் தேடி அலையும் நண்பர்களே, இதோ நாலு.

1. ஈரப்பத எச்சரிக்கை: இலை ஈரம், வெப்பநிலை உணரிகளை வைத்து, பைட்டோப்தோராவுக்குச் சாதகமான நேரத்தைக் கணித்து விவசாயியின் கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் சின்னக் கருவி.

2. ஒலி உணரி: சிவப்புக் கூன்வண்டின் புழு தண்டுக்குள் இருந்து தின்னும் சத்தத்தைப் பிடிப்பது. காண்டாமிருக வண்டு போட்ட காயம் வழியாகத்தான் இது பெரும்பாலும் நுழையும். வெளியே தெரியும்போது உள்ளே கூடாகியிருக்கும்.

3. ட்ரோன் படம்: மேலிருந்து எடுத்த படத்தில் மஞ்சளான மரங்களைப் பிரித்துக் காட்டுவது. இங்கே எச்சரிக்கை வேணும். சாம்பல்சத்துக் குறைபாட்டிலும் தண்ணீர் இல்லாவிட்டாலும் ஓலை மஞ்சளாகும். உங்க நிரல் "வேர் வாடல்" என்று தவறாகச் சொன்னால் ஒரு நல்ல மரம் வெட்டப்படலாம். இருப்பதை இல்லை என்றால் தோப்பே போகலாம். ஆகவே நிரல் சந்தேகத்தை மட்டும் சொல்லட்டும்; முடிவை ஆய்வகம் சொல்லட்டும்.

4. சிவகாசி நாட்காட்டி: நாட்டுக்கே காலண்டர் அச்சடிக்கும் ஊர் நம்மது. எந்த மாதம் குருத்தைப் பார்க்கணும், எப்போ போர்டோ அடிக்கணும், எப்போ பிண்ணாக்கு வைக்கணும் என்று ஒரு தென்னை நாட்காட்டி வடிவமைத்துத் தோப்பு வீடுகளில் மாட்டினால், அது எந்தச் செயலிக்கும் குறைந்ததில்லை.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனால் தோப்புக்குள்ள ஒரு நடை போய் வாங்க. முதலில் குருத்து, அடுத்து ஓலையின் அடிப்பக்கம், கடைசியா அடித்தண்டு. மரத்துக்கு ஒரு நிமிஷம் போதும். சந்தேகமா இருந்தா படம் எடுத்து, அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ காட்டுங்க. வெளி மாவட்டத்திலிருந்து தென்னங்கன்று வாங்குவதாக வீட்டில் பேச்சு வந்தால், "எந்தத் தோப்புக் கன்று, அங்கே வாடல் இருக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டு வைங்க. தீப்பொறி உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும் பழக்கம் நம்ம ஊருக்கு இருக்குது. அதையே தோப்பு வாசலிலும் கடைப்பிடிச்சா போதும்.